ரோஜா வயல்: ரூஸ்வெல்ட் என்ற டச்சுக் குடும்பப்பெயரின் வரலாறு

அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களாக இருந்த இருவரின் குடும்பப்பெயரைத் தமிழ்ப் பாடநூல்களும் நாளிதழ்களும் ‘ரூஸ்வெல்ட்’ என்றே எழுதி வருகின்றன. அப்பெயருக்கு உரியவர்கள் அதை அவ்வாறு சொல்லவில்லை. 1898ஆம் ஆண்டு, நியூயார்க் மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், தம் பெயரை உச்சரிக்கும் முறையை விளக்கி ஒரு கடிதம் எழுதினார். ‘ரோசவெல்ட்’ என மூன்று அசைகளாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். டச்சு மொழியில் ஓகார நெடிலைக் காட்ட ‘ஓ’ என்னும் எழுத்தை இரட்டித்து எழுதுவது உண்டு. ஆங்கிலத்திலோ அதே இரட்டை எழுத்து பெரும்பாலும் ஊகாரத்தைக் குறிக்கும். டச்சு எழுத்துக்கூட்டலை ஆங்கிலக் கண்ணால் வாசித்ததில் பிறந்தது ‘ரூ’. தமிழுக்கு இப்பெயர் ஆங்கிலத்தின் வழியாக வந்தமையால் அந்தப் பிறழ் வாசிப்பும் உடன் வந்து சேர்ந்தது. வழக்கில் வேரூன்றிவிட்ட வடிவத்தை இனி மாற்ற முயல்வது வீண். இக்கட்டுரையும் ‘ரூஸ்வெல்ட்’ என்றே எழுதும்.

ஒலிப்பில் நேர்ந்த பிழையால் யாருக்கும் தீங்கு இல்லை. பெயரின் பொருளைக் கொண்டு குருதியை அளக்க முயன்றபோது நேர்ந்த பிழை அத்தகையது அன்று. 1930களில் இந்த ஒரு பெயரைச் சுற்றி எழுந்த வெறுப்புப் பரப்புரையைப் புரிந்துகொள்ள, அதன் தொடக்கத்திலிருந்து வர வேண்டும்.

தொடக்கத்தில் நிற்பவர் கிளாஸ் மார்டென்ஸன் வான் ரோசென்வெல்ட். இன்றைய நியூயார்க், டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் கீழ் நியூ ஆம்ஸ்டர்டாம் என வழங்கிய காலத்தில், 1638க்கும் 1649க்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் ஆண்டில் அவர் அங்கு வந்து இறங்கினார். 1652 அளவில் ஏறத்தாழ 48 ஏக்கர் நிலம் அவர் கைக்கு வந்தது. இன்றைய மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் 29ஆம் தெருவுக்கும் 35ஆம் தெருவுக்கும் இடையில் அந்நிலம் அமைந்திருந்தது. இன்று அங்கே ஒரு சதுர அடியின் விலையைக் கேட்டால் மலைப்புத் தோன்றும். அன்று அது ஊருக்கு வெளியே கிடந்த ஒரு பண்ணை. மனைவியின் பெயர் யான்னெட்யே. பிள்ளைகளுக்கு டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையில் திருமுழுக்கு நடைபெற்றது. 1659 அளவில் கிளாஸ் இறந்தார். மறு ஆண்டே மனைவியும் இறந்தார். 1658இல் திருமுழுக்குப் பெற்ற மகன் நிக்கோலஸ், பெற்றோர் முகம் நினைவில் நில்லாத வயதிலேயே அநாதையானான். அந்தக் குழந்தையின் வழியாகத்தான் அமெரிக்காவில் இக்குடும்பப்பெயர் தொடர்ந்தது.

கிளாஸின் முழுப்பெயரைப் பிரித்துப் பார்த்தால் அக்கால டச்சுப் பெயரிடலின் அமைப்பு முழுவதும் அதில் தெரியும். ‘கிளாஸ்’ என்பது நிக்கோலஸ் என்பதன் டச்சுக் குறுக்கம். ‘மார்டென்ஸன்’ என்றால் மார்டெனின் மகன். இது தலைமுறைதோறும் மாறும் தந்தைவழிப் பெயர். கிளாஸின் மகன் மார்டென்ஸன் ஆக மாட்டான், கிளாஸன் ஆவான். ‘வான்’ என்பது ‘இலிருந்து’ என்னும் பொருளுடைய முன்னிடைச்சொல். எஞ்சியிருப்பது ‘ரோசென்வெல்ட்’ என்னும் இடப்பெயர்: ரோஜாக்களின் வயல் அல்லது வெளி. ஆக, முழுப்பெயரும் ஒரு முகவரிச் சீட்டைப் போன்றது. மார்டெனின் மகன் கிளாஸ், ரோசென்வெல்ட் என்னும் இடத்தைச் சேர்ந்தவன் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

இங்கே ‘வான்’ என்னும் சிற்றுருபைப் பற்றி ஒரு சொல். ஜெர்மன் மொழியின் ‘ஃபான்’ பல குடும்பங்களில் பிரபுத்துவத்தின் அடையாளமாக ஆயிற்று. டச்சில் அப்படி இல்லை. ஆற்றங்கரையிலிருந்து வந்த தச்சனும், குன்றடியிலிருந்து வந்த பால்காரனும் ‘வான்’ சேர்த்துக்கொண்டவர்களே. இந்த வேறுபாட்டை அறியாமல் அமெரிக்காவின் பழைய டச்சுக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிற்காலத்தில் பிரபுக் குலப் பெருமை ஏற்றிச் சொல்லப்பட்டது.

‘ரோசென்வெல்ட்’ எவ்வாறு ‘ரூஸ்வெல்ட்’ ஆயிற்று என்பதில் மர்மம் ஏதுமில்லை. டச்சின் பல வட்டார வழக்குகளில் ‘என்’ என முடியும் பன்மை ஈற்றின் னகரம் பேச்சில் ஒலிக்கப்படுவதில்லை. எழுத்தில் ‘ரோசென்’ என்றிருந்தாலும் வாயில் ‘ரோச’ என்றே வரும். வயலைக் குறிக்கும் சொல்லை இன்று டகர மெய்யின் மெல்லொலி எழுத்தோடு எழுதினாலும், சொல்லிறுதியில் அது வல்லொலியாகவே ஒலிக்கும். பழைய எழுத்தர்கள் காதில் கேட்டபடியே ‘வெல்ட்’ என்று எழுதினார்கள். முதலசையின் நெடிலைக் காட்ட ஓகார எழுத்து இரட்டித்தது. தியோடர் வலியுறுத்திய மூன்று அசைகளில் நடு அசை, அந்தப் பழைய பன்மை ஈற்றின் எச்சம். குடும்பம் டச்சு பேசுவதை விட்டொழித்து நெடுங்காலம் ஆன பின்னும், பெயரின் நடுவே ஓர் இலக்கண உருபின் நிழல் அப்படியே கிடந்தது.

1664இல் ஆங்கிலேயர் நியூ ஆம்ஸ்டர்டாமைக் கைப்பற்றி நியூயார்க் எனப் பெயர் மாற்றினர். அப்போது சிறுவன் நிக்கோலஸுக்கு ஆறு வயது. வளர்ந்தபின் அவர் தோல் வாணிகம் செய்தார், நகர மன்ற உறுப்பினராகவும் இருந்தார், 1742இல் இறந்தார். ‘வான்’ உருபை விட்டு, ‘ரூஸ்வெல்ட்’ என்னும் எழுத்துக்கூட்டலை முதலில் கையாண்டவர் அவரே என்பர். தந்தையின் பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும் மரபு அவரோடு நின்றது. ஊர்ப்பெயர் குடும்பத்தின் நிலைத்த பெயராக இறுகியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாய்நாடான நெதர்லாந்தில், குறிப்பாக வடக்கு மாவட்டங்களில், எளிய மக்கள் பலர் தந்தைவழிப் பெயரோடு மட்டுமே வாழ்ந்து வந்தனர். நாடு பிரெஞ்சுப் பேரரசோடு இணைக்கப்பட்டிருந்த 1811ஆம் ஆண்டில் நெப்போலியனின் ஆணை வந்த பின்னரே அவர்கள் நிலையான குடும்பப்பெயரைப் பதிவு செய்தனர். கடல் கடந்த ரூஸ்வெல்ட்டுகளுக்கோ அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னதாகவே நிலைபெயர் வாய்த்துவிட்டது.

கிளாஸ் நெதர்லாந்தின் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார் என்பதற்கு ஐயமற்ற ஆவணம் கிடைக்கவில்லை. ஆனால் உரிமை கோருவோர் உண்டு. தென்மேற்கே, கடலோடு போராடி மீட்ட மண்ணால் ஆன சேலாந்து மாகாணத்தில் தோலன் என்னும் தீவு இருக்கிறது. அத்தீவின் அவுட் ஃபோஸ்மேர் என்னும் சிற்றூரில் இதே பெயருடைய நிலவுடைமைக் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. கிளாஸ் அக்குடும்பத்தின் கிளை என்னும் மரபுக்கதையை ஊராரும் அமெரிக்கக் குடும்பத்தாரும் சேர்ந்தே வளர்த்தனர். அதன் குலச்சின்னம் ரோஜாச் செடி. தியோடர் ரூஸ்வெல்ட்டும் ரோஜாச் செடியையே தம் சின்னமாகக் கொண்டார். நட்டவன் பேணுவான் என்னும் பொருள்தரும் இலத்தீன் வாசகம் அதனோடு இருந்தது. இரு குடும்பங்களையும் இணைக்கும் கண்ணியைக் குலவரலாற்று ஆய்வாளர்கள் இன்றுவரை மெய்ப்பிக்கவில்லை. ஒரே இடப்பெயரை உறவில்லாத இருவர் சூடிக்கொள்வது இயல்பான நிகழ்ச்சி. ஆயினும் சேலாந்து தன் உரிமையை விடவில்லை. மாகாணத் தலைநகர் மிடல்பர்க்கில் 1982 முதல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் நான்கு சுதந்திரங்கள் பெயரால் விருதுகள் வழங்கப்படுகின்றன. ரூஸ்வெல்ட் பெயரில் ஓர் ஆய்வு மையமும் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியும் அங்கே இயங்குகின்றன. சான்று முழுமையாகாத உறவு ஒன்று நல்ல நூலகத்தையும் வகுப்பறைகளையும் தந்திருக்கிறது என்றால் அதில் வருந்த எதுவுமில்லை.

நிக்கோலஸின் மகன்கள் இருவரிடமிருந்து இரு கிளைகள் பிரிந்தன. 1689இல் பிறந்த யோஹானஸின் வழியில் வந்தது லாங் தீவின் ஆய்ஸ்டர் பே கிளை; 1692இல் பிறந்த யாகோபஸின் வழியில் வந்தது ஹட்சன் ஆற்றங்கரையின் ஹைட் பார்க் கிளை. முன்னதில் பிறந்த தியோடர் 1901 முதல் 1909 வரையும், பின்னதில் பிறந்த பிராங்க்ளின் 1933 முதல் 1945இல் இறக்கும் வரையும் குடியரசுத் தலைவர்களாக இருந்தனர். 1905இல் பிராங்க்ளின் மணந்துகொண்ட எலினார், தியோடரின் தம்பி மகள். பதவியில் இருந்த தியோடரே மணமகளைக் கைப்பிடித்துக் கொடுத்தார். எலினார் திருமணத்திற்குப் பின் குடும்பப்பெயரை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையே எழவில்லை.

பிராங்க்ளினுக்குத் தம் பெயரின் வரலாற்றில் இளமையிலிருந்தே ஈடுபாடு இருந்தது. ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது 1901இல் நியூ ஆம்ஸ்டர்டாம் கால ரூஸ்வெல்ட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிற பழைய டச்சுக் குடும்பங்கள் பெயரைத் தவிர வேறெதுவும் எஞ்சாமல் தளர்ந்துபோக, தம் குடும்பம் துடிப்போடு நிலைத்ததற்கு அதன் சனநாயக மனப்பாங்கே காரணம் என்பது பத்தொன்பது வயதுப் பிள்ளையின் முடிபு. அதில் தற்பெருமை கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. பிற்காலத்தில் நான்கு முறை பதவியேற்றபோதும், 1686இல் அச்சான குடும்பத்தின் டச்சு விவிலியத்தின் மேல் கைவைத்தே உறுதிமொழி எடுத்தார்.

முதல் பதவியேற்பு நிகழ்ந்த 1933இல்தான் ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் வந்த சட்டம், அரசு ஊழியர்கள் தம் மூதாதையர் யார் என்பதை நிறுவ வேண்டிய நிலையை உருவாக்கியது. திருமுழுக்குப் பதிவேடுகளும் குடும்பப்பெயர்களும் ஒருவரின் வேலையை, பின்னர் உயிரையே, முடிவு செய்யும் சான்றுகளாயின. 1938இல் பிறந்த மற்றோர் ஆணை, யூதப் பெயராக ஏற்கப்படாத பெயருடைய யூத ஆண்கள் ‘இசுரேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயரைச் சுமக்கச் செய்தது. அக்காலத்தில் நாஜிப் பரப்புரையாளர்கள் அமெரிக்கத் தலைவரை ‘ரோசன்ஃபெல்ட்’ என்று அழைக்கலாயினர். அமெரிக்காவிலும் அவருடைய பொருளாதாரத் திட்டங்களை வெறுத்தவர்கள் அதே பெயரைத் துண்டறிக்கைகளில் பரப்பினர். அவர் யூதர், ஆகவே அவருடைய திட்டங்கள் யூதச் சூழ்ச்சி என்பது அவர்கள் வாதம்.

1935இல் மிச்சிகன் மாநில முன்னாள் ஆளுநர் சேஸ் ஆஸ்பர்ன், ரூஸ்வெல்ட்டுகள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட ‘ரோசோகாம்போ’ என்னும் யூதக் குடும்பத்தின் வழியினர் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. 1620இல் வெளியேறி ஹாலந்தில் புகலடைந்த அக்குடும்பம் அங்கே பெயரை மாற்றிக்கொண்டது என்பது கதை.

மொழியியல் முறைப்படி இக்கதையை ஒரு பத்தியில் சோதித்துவிடலாம். ஸ்பானிய மொழியில் ரோஜா ‘ரோசா’, வயல் ‘காம்போ’. ‘ரோசோ’ என்பது இத்தாலிய மொழியில் சிவப்பு நிறத்தைக் குறிக்கும் சொல். ஸ்பானியக் குடும்பத்துக்கு இத்தாலிய அடைமொழி வாய்த்த வகை விளங்கவில்லை; டச்சுப் பெயரை அரைகுறையாக மொழிபெயர்த்து, அந்த மொழிபெயர்ப்பையே மூலம் என்று காட்டிய கைவேலை இது எனத் தோன்றுகிறது. ஆண்டும் பொருந்தவில்லை, ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது 1492இல். ‘ரோசன்ஃபெல்ட்’ வாதமோ இன்னும் வலுவற்றது. ரோசன்ஃபெல்ட் என்னும் ஜெர்மன் சொல்லும் ரோசென்வெல்ட் என்னும் டச்சுச் சொல்லும் பொருளில் ஒன்றே. உறவு மொழிகள் இரண்டில் ரோஜாவும் வயலும் ஒரே மாதிரி ஒலிப்பதில் வியப்பில்லை. தென் ஜெர்மனியில் ரோசன்ஃபெல்ட் என்றே ஓர் ஊர் உண்டு. கிழக்கு, நடு ஐரோப்பிய யூதர்களிடையே ரோஜா, பொன், மலர் முதலிய அழகுச் சொற்களால் அமைந்த ஜெர்மன் குடும்பப்பெயர்கள் பெருகியது, ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1787இல் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு. தம் ஆட்சிக்குட்பட்ட யூதர்கள் நிலையான ஜெர்மன் குடும்பப்பெயரை ஏற்க வேண்டும் என்று அவ்வாணை கட்டளையிட்டது. கிளாஸ் மன்ஹாட்டனில் நிலம் வாங்கி அப்போது 130 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. நியூ ஆம்ஸ்டர்டாமிலும் யூதர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. 1654இல் பிரேசிலின் ரெசிஃபியிலிருந்து 23 பேர் அகதிகளாக வந்திறங்கினர்; ஆளுநர் ஸ்டைவசென்ட் அவர்களைத் துரத்த முயன்றார்; கம்பெனி மேலிடம் இசையவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் போர்த்துகீசியப் பெயருடையோர். அதே ஆண்டுகளில் அதே சிறு குடியேற்றத்தில் கிளாஸின் பிள்ளைகள் சீர்திருத்தத் திருச்சபையின் பதிவேட்டில் இடம்பெற்றுக்கொண்டிருந்தனர்.

இவ்வளவும் சொல்லி மறுத்திருக்க முடியும். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதைச் செய்யவில்லை. டெட்ராய்ட் நகர யூத வார இதழின் ஆசிரியர் பிலிப் ஸ்லோமோவிட்ஸ் இக்கதையின் உண்மையைக் கேட்டு எழுதினார். 1935 மார்ச்சில் பிராங்க்ளின் அனுப்பிய மறுமொழி செய்தித்தாள்களிலும் வெளியாயிற்று. அமெரிக்காவில் அப்பெயருடையோர் அனைவரும் 1648க்கு முன் ஹாலந்திலிருந்து வந்த ஒருவரின் வழியினர் என்றும், வந்த ஆண்டுகூட உறுதியில்லை என்றும், ஹாலந்தில் அவருடைய ஊரோ பெற்றோரோ தமக்குத் தெரியாது என்றும் அதில் எழுதினார். தொல் காலத்தில் அம்முன்னோர் யூதராகவோ கத்தோலிக்கராகவோ புராட்டஸ்டண்டாகவோ இருந்திருக்கலாம். அவர்கள் நல்ல குடிமக்களாகவும் இறைநம்பிக்கை உடையோராகவும் இருந்தார்களா என்பதிலேயே தமக்கு அக்கறை என்று முடித்தார். சேலாந்தின் பிரபுக் குடும்பத்தையோ குலச்சின்னத்தையோ அவர் துணைக்கு அழைக்கவில்லை. ‘யூதர் அல்லர்’ என்று சான்றோடு மறுத்திருந்தால், யூதராய் இருப்பது மறுக்க வேண்டிய குற்றம் என்பதை ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். பின்னாளில் யூத அகதிகளுக்குக் கதவைப் போதிய அளவு திறக்கவில்லை என்று அவர்மீது எழுந்த குறை வேறு. அதை வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். இந்த ஒரு கடிதத்தில் அவர் நிதானம் தவறவில்லை. துண்டறிக்கைகளோ நிற்கவில்லை.

பெயர் ஒன்றை இழையாகப் பற்றி மேலே ஏறுவோர் ஒரு கணக்கை மறந்துவிடுகின்றனர். கிளாஸிலிருந்து எண்ணினால் தியோடரும் பிராங்க்ளினும் எட்டாம் தலைமுறை. ஏழு தலைமுறை மேலே சென்றால் ஒருவருக்கு 128 முன்னோர் இடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றில் மட்டுமே கிளாஸ் அமர்ந்திருக்கிறார். 1885இல் நியூயார்க்கில் தோன்றிய ஹாலந்து சங்கம், 1675க்கு முன் குடியேறியோரின் நேர் ஆண்வழி வாரிசுகளையே உறுப்பினராகச் சேர்த்தது. மற்ற இடங்கள் அனைத்தும் அந்த அளவுகோலில் வெற்றிடங்கள். தியோடரின் தாய் மார்த்தா புல்லக், ஜார்ஜியா மாநிலத்தவர். பிராங்க்ளினின் தாய் சாரா டெலனோ. அப்பெயர் 1621இல் லைடனிலிருந்து பிளிமத் குடியேற்றத்துக்கு வந்த பிலிப் டி லனாய் என்பவருடையது. தமிழ் வாசகருக்கு இப்பெயர் புதிதன்று. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படையிடம் பிடிபட்டு, பின் அதே படைக்குத் தளபதியாகி, இன்றைய குமரி மாவட்டத்தின் உதயகிரிக் கோட்டையில் அடக்கமான யூஸ்டேசியஸ் டி லனாயின் பெயரும் அதுதான். லில் நகருக்கு அருகிலுள்ள லனாய் என்னும் ஊர்ப்பெயரே இதற்கு மூலம். பெயர் ஒன்று என்பதால் அமெரிக்கத் தலைவரின் தாய்வழி உதயகிரியில் முடிகிறது என்று யாரும் எழுதாதிருக்க வேண்டும்.

தியோடர் 1913இல் வெளியிட்ட தன்வரலாற்றில், கப்பலின் மலிவுத் தட்டில் வந்த வறிய குடியேறிகளுள் ஒருவராகவே கிளாஸைக் குறிப்பிடுகிறார். தமக்குத் தெரிந்த டச்சு முழுவதும் ஒரு தாலாட்டுப் பாட்டு மட்டுமே என்றும் சொல்கிறார். அதைக் கற்றுக் கொடுத்தவர் தந்தையைப் பெற்ற பாட்டி. அவரோ டச்சுக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர், பென்சில்வேனியாவிலிருந்து மருமகளாய் வந்தவர். பதவியை விட்டு இறங்கிய ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குச் சென்ற தியோடர், அங்கே குடியேறியிருந்த போயர்களிடம் அப்பாட்டைப் பாடிக் காட்டினார். அவர்களுள் சிலருக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் அவருடைய உச்சரிப்பில் அது இன்ன பாட்டு என்று கண்டுகொள்ள முதலில் அவர்கள் திண்டாடினார்கள்.